மூன்றாவது சிலிண்டர்

தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலின் எஞ்சின் அறையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்த பழனியாண்டி, நாற்பத்து மூன்றாவது வயதில் இன்ஜினியரிங் டிப்ளமா சேர்ந்தார். அது இல்லாமல் கப்பலில் பதவி உயர்வு கிடையாது. தன் ஊரான கராச்சர்மாவிலிருந்து பஸ்ஸில் கல்லூரிக்குப் போய், பிள்ளைகள் வயதுடையவர்களோடு உட்கார்ந்தார். கணக்கில் இரண்டு முறை தோற்றார். சுமாரான மாணவர்தான்.

கடைசிச் செய்முறைத் தேர்வில், ஓடும் டீசல் எஞ்சினில் எந்த சிலிண்டர் பழுது என்று கண்டுபிடிக்க வேண்டும். கப்பலில் செய்வது போல ஸ்க்ரூடிரைவர் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்தார்.

"அங்கிள், பேஷன்ட் பிழைப்பாரா?" என்றாள் கூடப் படிக்கும் அல்மாஸ்.

"அரே, சும்மா இரு புள்ள." மூன்றாவது என்று எழுதிவிட்டார்.

தேர்வாளர் சித்ரா தாளைப் பார்த்தார். "அண்ணே, ரீடிங் எங்க? கேஜ் வச்சுப் பாருங்க."

"எதுக்கு மேடம்? இந்தக் காது தப்பினதே இல்ல."

"காதுக்கு மார்க் கெடையாதுண்ணே."

எஞ்சினை நிறுத்தி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டி, எஞ்சினைச் சுழலவிட்டு அளந்தார். மூன்றாவது சரியாக இருந்தது. இரண்டாவதில்தான் அழுத்தம் குறைவு. மறுபடி அளந்தார், அதே எண். இத்தனை வருடத்தில் எத்தனை எஞ்சின்களை வீணாகப் பிரித்திருப்போம் என்ற எண்ணத்தில் பேனா சற்று நின்றது. பிறகு, கப்பல் பதிவேட்டில் தவறைத் திருத்தும் முறைப்படி, மூன்றை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் கையெழுத்திட்டு, இரண்டு என்று எழுதினார். அந்த விடையில்தான் தேறினார்.