அத்தை வாங்கிய மலிவு உளி

திண்டிவனத்தில் வாங்கி வந்த பொட்டலத்தை அத்தை என் அப்பாவின் கல்லறை மேல் வைத்துப் பிரித்தாள். பழைய செய்தித்தாளுக்குள் பச்சை பெயின்ட் அடித்த இரண்டு உளிகளும் விரல் நீளத்துக்கு ஒரு பஞ்சும் இருந்தன. பஞ்ச் என்றால் இரும்பில் துளை போடுவதற்கு முன் புள்ளி வைக்கிற கூர்முனைக் கம்பி. பெயின்ட் சரியாகக் காயாததால் செய்தித்தாளின் எழுத்துகள் உளியில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. கடையில் இருந்ததிலேயே மலிவானவை அவை. கடைக்காரர் ஒன்றும் மறைக்கவில்லையாம். "தெனம் கொத்துறவங்களுக்கு இது ஆவாதும்மா. ஒரே ஒரு வேலை, அதுவும் சிமெண்டுன்னா தாராளமா எடுத்துக்கினு போ" என்று சொல்லித்தான் கொடுத்தாராம். அத்தைக்கு இருந்ததும் ஒரே ஒரு வேலைதான். தன் அண்ணன் பெயரைச் சிமெண்ட் சிலுவையில் வெட்ட வேண்டும்.

அத்தை என் அப்பாவின் தங்கை. கட்டிக்கொடுத்த இடத்தில் சரிப்படாமல் திரும்பி வந்து, ஒலக்கூர்ப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டவள். நடவுக்கும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை பிடுங்கவும் போய்த்தான் பிழைப்பு. அப்பா செத்தபோது நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தேன். அடக்கத்தன்று பெரியப்பா, மாமா என்று வந்தவர்கள் எல்லோரும் பளிங்குக் கல் வைத்துவிடலாம் என்று சொன்னார்கள். சாப்பிட்டார்கள், போனார்கள். கடைசியில் ஊர்க் கொத்தனார்தான் இரக்கப்பட்டு ஒரு சிமெண்ட் சிலுவை செய்து நட்டுக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் சிமெண்ட் ஈரமாக இருக்கும்போதே ஆணியால் பெயரைக் கீறிவிடுவார்கள். கீற வேண்டிய மாதா கோயில் உபதேசியார் அன்று பக்கத்து ஊர்ப் பூசைக்குப் போய்விட்டார். அவர் திரும்புவதற்குள் சிமெண்ட் இறுகிவிட்டது. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தாள். "பேரில்லாம எப்படிடா உடுறது? நாளைக்கு எவனோ அனாதைன்னு நெனச்சுக்குவாங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு அத்தை பஸ் ஏறினாள்.

உபதேசியார் சாக்பீஸால் சிலுவையில் எழுதிக் கொடுத்தார். கழனி வேலை முடிந்து வந்ததும் அத்தை அதன் மேல் உளியை வைத்துத் தட்டுவாள். மழை வந்தால் சாக்பீஸ் அழிந்துவிடும் என்ற பயத்தில் வானத்தையும் பார்த்துக்கொள்வாள். மலிவு உளி மலிவு உளிதான். கொஞ்ச நேரத்திலேயே முனை மழுங்கிவிடும். கல்லறைத் தோட்டத்து வாசல்படிக் கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்ப்பாள், மறுபடியும் வெட்டுவாள். சுத்தி பட்டுப் பட்டு உளியின் தலை காளான் மாதிரி விரிந்து கையைக் கீறியது. அதற்கு ஒரு துணியைச் சுற்றிக்கொண்டாள். நேர்க்கோடு எப்படியோ வந்துவிட்டது. வளைவு வரவில்லை. அப்பா பெயரில் ஒரு 'ஞா' உண்டு. அதன் சுழியெல்லாம் அத்தை கையில் மூலை மூலையாக உடைந்து, கால் முறிந்த நாற்காலி மாதிரி ஆகிவிட்டது. கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அதை ஓரத்தில் நெருக்கி இறக்கினாள். ஆனால் பெயர் நின்றது. எத்தனையோ மழைக்காலம் தாண்டியும் நின்றது. மலிவு உளி வாங்கலாமா என்று யாராவது கேட்டால், வாங்கலாம் என்பதற்கு என்னிடம் இருக்கும் சாட்சி அதுதான்.

அந்தச் சாட்சியைப் பார்த்துத்தான் நான் வெட்கப்பட்டு வளர்ந்தேன். கல்லறைத் திருநாள் என்றால் ஊரே அங்கே கூடும். சுண்ணாம்பு அடித்த கல்லறைகள், மெழுகுவத்தி, சாமந்தி, வெளியூரில் இருந்து வந்தவர்களின் புதுச் சட்டைகள். எல்லோரும் ஒரு சுற்று சுற்றி எல்லாக் கல்லறைகளையும் பார்ப்பார்கள். "உங்கப்பா பேரை இன்னாடா, கோழி கிண்டிச்சா?" என்று ஒருத்தன் கேட்டான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தை மெழுகுவத்தியைக் கொளுத்திக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். அவள் காதில் விழாமல் இருக்க வாய்ப்பே இல்லை. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் போய் நின்றேன், மெழுகுவத்தி பிடித்தேன், கண்ணை மட்டும் வேறு எங்காவது வைத்துக்கொண்டேன்.

பெரியவனாகி நான் செய்வதும் எழுத்து வேலைதான். விழுப்புரத்தில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, கல்யாணம், கட்சிக்காரர்களின் பிறந்தநாள் எல்லாம் வரும் என்றாலும், மாசம் தவறாமல் சோறு போடுவது கண்ணீர் அஞ்சலிதான். செத்தவர் வீட்டில் உட்கார்ந்து பெயர் யோசிக்க யாருக்கும் தெம்பு இருக்காது. அதனால் கம்ப்யூட்டரில் ஒரு மாதிரி தயாராக வைத்திருக்கிறேன். 'இங்ஙனம் வருந்தும்' என்று போட்டு, மனைவி, மகன்கள், மகள்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், 'மற்றும் உற்றார் உறவினர்' என்று கட்டம் கட்டமாக இருக்கும். பெயரை நிரப்ப வேண்டியதுதான் பாக்கி. எழுத்து விஷயத்தில் எனக்குத் திமிர் உண்டு. அடுத்த கடைக்காரன் பேனரில் எழுத்து நெருங்கி இருந்தால் நின்று திட்டிவிட்டுத்தான் போவேன்.

போன வருஷம் கையில் கொஞ்சம் சேர்ந்தது. அப்பாவுக்குக் கறுப்புக் கிரானைட் கல் வைக்க முடிவு செய்தேன். எழுத்தை நானே கம்ப்யூட்டரில் அமைத்து அனுப்பினேன். கிரானைட் பட்டறையில் மெஷின் வைத்து வெட்டிக் கொடுத்தார்கள். 'ஞா' அத்தனை அழகாக வளைந்திருந்தது. திருநாளுக்கு முந்தைய வாரம் கல்லை நட்டோம். பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி மந்திரித்தார், ஊரில் இருந்தவர்கள் தடவித் தடவிப் பார்த்தார்கள். அத்தை கிட்டே வந்து விரலை வைத்து மெதுவாகப் படித்தாள். அப்பா பெயரைப் படித்தாள். கீழே இறங்கி அம்மா பெயர், என் அண்ணன் பெயர், என் பெயர், மருமக்கள், பேரப்பிள்ளைகள் வரை வந்தாள். விரல் கல்லின் அடிவரை போய், மறுபடி மேலே ஏறி, இன்னொரு தரம் இறங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கட்டங்களில் செத்தவரின் தங்கைக்குக் கட்டமே கிடையாது. அத்தை 'உற்றார் உறவினர்' ஆகிவிட்டாள்.

"நல்லா கீதுடா, பளபளன்னு கீது" என்றாள். பிறகு, "பழசை எங்க போட்டீங்க?" என்று கேட்டாள். கொத்தனார் அந்தச் சிலுவையை உடைத்துப் புதுக் கல்லுக்கு அடிமானமாகப் போட்டுவிட்டார் என்று சொன்னேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, "அப்ப எங்க அண்ணன்கிட்டதான் கீது, உடு" என்றாள். கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை. திட்டு வாங்கியவனுக்கு மன்னிப்புக் கேட்கவாவது ஓர் இடம் கிடைக்கும்.

பட்டறைக்குப் போன் போட்டேன். நட்ட கல்லில் எழுத்துச் சேர்க்க மெஷினைத் தூக்கி வர வேண்டும், திருநாள் முடியட்டும் என்றார்கள். எனக்கு அதுவரை பொறுக்கவில்லை. உறவு மொத்தமும் வந்து அந்தப் பட்டியலைப் படிக்கப்போகிறது, அத்தை பக்கத்தில் நிற்கப்போகிறாள். திருநாளுக்கு முந்தைய நாள் திண்டிவனத்தில் இறங்கி ஒரு ஹார்ட்வேர் கடைக்குள் நுழைந்தேன். பிளாஸ்டிக் உறையில் உளியும் பஞ்சுமாகச் சேர்த்து ஒரு செட் தொங்கிக்கொண்டிருந்தது. கிரானைட்டில் எழுத்து வெட்ட என்று நான் சொன்னதும் கடைக்காரர் உறையைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் பார்த்தார். "இது செவுத்துல ஒயர் போட காடி எடுக்குறதுக்கு சார். கிரானைட்டுக்கு முனையில கார்பைட் வெச்சது வேணும், நம்மகிட்ட இல்ல. பணத்தை வேஸ்ட் பண்ணாதீங்க" என்றார். எனக்கு அது காதில் ஏறவில்லை. அத்தை இதே மாதிரி உளியை வைத்துக்கொண்டு ஒரு பெயரையே வெட்டினாளே, எனக்கு ஒரு வார்த்தை வராதா என்று தோன்றியது. வாங்கிக்கொண்டு போனேன்.

மத்தியான வெயிலில் கல்லறைத் தோட்டத்தில் யாரும் இல்லை. பேரப்பிள்ளைகளுக்குக் கீழே இருந்த கொஞ்ச இடத்தில் 'தங்கை' என்று வெள்ளைப் பென்சிலால் எழுதி உளியை வைத்து ஓங்கித் தட்டினேன். வழுக்கிக்கொண்டு போய் ஒரு வெள்ளைக் கீறல் விழுந்தது. பஞ்சை எடுத்துப் புள்ளி புள்ளியாக வைக்கப் பார்த்தேன். அதன் முனை மடங்கியது. கோபத்தில் அடித்த அடுத்த அடி என் பிள்ளைகளின் பெயர்கள் மேலேயே கோடு இழுத்துவிட்டது. 'த'வின் முதல் வளைவுகூட வரவில்லை. கல்லறையைக் கழுவக் குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அத்தை வந்தது அப்போதுதான். குடத்தை இறக்கி வைத்தாள். கல்லைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள்.

"இன்னாடா பண்ணிக்கினு கீற?"

"உன் பேரை உட்டுட்டேன் அத்த. போடலாம்னு..."

"என் பேரு எதுக்குடா கல்லுல? நான் இன்னா செத்தா பூட்டேன்?" என்று சிரித்தாள். சிரித்தவள் முந்தானையை நனைத்து அந்தக் கீறல்களைத் துடைத்துப் பார்த்தாள். தண்ணீர் பட்டதும் மறைந்தன. காய்ந்ததும் திரும்ப வந்தன. இன்னொரு தரம் துடைத்தாள். அதன் பிறகு அவள் சிரிக்கவில்லை. "வீட்டுக்குப் போடா, மூஞ்சி கழுவு. யார்கிட்டயும் சொல்லாத" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் நாங்கள் எல்லோரும் போய்ச் சேர்வதற்கு முன்பே அவள் வந்திருந்தாள். கல்லின் கீழ்ப்பாதியில் பெரிய சாமந்தி மாலை ஒன்று குறுக்காகக் கட்டியிருந்தது. அண்ணி அதைச் சரி செய்யப் போனாள். "பசங்க பேரு மறையுது அத்தை, கொஞ்சம் ஏத்திக் கட்டலாமே" என்றாள். அத்தை மாலை மேல் கையை வைத்துக்கொண்டாள். "இருக்கட்டும்மா. எங்க அண்ணனுக்கு நான் போட்ட மாலை, அப்படியே இருக்கட்டும்." அண்ணி முகம் சுளித்துக்கொண்டு நகர்ந்தாள். பெரியப்பா மகன்களும் ஊர்க்காரர்களும் ஒவ்வொருவராக வந்து கல்லைப் பார்த்தார்கள், எழுத்தைப் புகழ்ந்தார்கள், யார் வேலை என்று விசாரித்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அத்தையே பதில் சொன்னாள். "எங்க அண்ணன் புள்ளதான். எழுத்து மொத்தமும் அவன்து." நான் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். காற்று வீசி மாலை ஒதுங்கும்போதெல்லாம் அவள் அதை இழுத்து அதே இடத்தில் வைத்தாள். கடைசி ஆள் போகும்வரை அவள் கை அங்கிருந்து எடுபடவில்லை.