சோடாவில் கழுவிய முகம்

அந்தப் படத்தில் இருந்தவர்கள் இரண்டு பேர்: சுடலைமுத்து, அவர் மனைவி இசக்கியம்மாள். இல்லாதவன் அவர்கள் மகன். அப்போது அவன் பிறக்கவில்லை. ஸ்டூடியோ வேலைக்கு வரும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தால் எழுதவே மாட்டேன்.

1. முதல் நாள்

ஸ்டூடியோ மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்தில். நான் தாராவி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். முதலாளி என்னைக் கவுண்டரில் வைத்ததற்குக் காரணமும் அதுதான். "தாராவி பார்ட்டி வந்தா நீ பேசிக்கோ. உங்க ஆளுங்க பேசறது எனக்குப் பாதி புரியல" என்றார்.

அன்றைக்கு வந்த முதல் பார்ட்டி இவர்கள்தான். ஊரிலிருந்து வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. சுடலைமுத்துவுக்குத் தோல் கிடங்கில் வேலை. ஸ்டூடியோ கோட்டை மாட்டி, ஸ்டூடியோ கைக்கடிகாரத்தைக் கட்டி அவரை மனைவி பக்கத்தில் நிறுத்தினோம்.

"கோட்டு போட்டதும் ஆளே மாறிட்டியளே. இனிமே வீட்டுக்கு வந்தா சோறு வைக்கணுமா, சல்யூட் அடிக்கணுமா?" என்றாள் இசக்கியம்மாள்.

அவர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தார். அந்த நொடியில்தான் படம் விழுந்தது.

பிரிண்ட் வாங்க வந்தபோது பின்பக்கத்து இங்கிலீஷ் ஸ்டாம்பைக் காட்டி, "என்ன தம்பி போட்டிருக்கு?" என்று கேட்டார். நான் பெருமையாகப் படித்துச் சொன்னேன்: "நெகட்டிவ் நம்மகிட்ட பத்திரமா இருக்கும்ணே. எப்பம் வேணும்னாலும் இந்த நம்பரைச் சொல்லிக் காப்பி வாங்கிக்கிடலாம்."

"அப்போ பேங்குல போட்ட மாதிரின்னு சொல்லு."

"ஆமாண்ணே."

2. சோடாத் தொட்டி

இரண்டு வருஷம் கழித்து, மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாட்டுங்காவின் பெரிய குடும்பம் ஒன்று தாங்களே எடுத்த எட்டு எம்.எம். சினிமாச் சுருள்களை ஒட்டித் தரச் சொல்லியிருந்தது. ஒட்டியது நான்தான். ஸ்டூடியோ திரையில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜூஹு கடற்கரையில் ஒரு மெலிந்த வாலிபர் அலைக்குப் பயந்து ஓடினார். அதே மனிதர் இப்போது தொப்பையைத் தடவிக்கொண்டு, "இந்த இடுப்பு எங்க போச்சுன்னு யாராவது சொல்லுங்களேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் இசக்கியம்மாள் வந்தாள். இடுப்பில் பிள்ளை. சுடலைமுத்து மழைக்காய்ச்சலில் போய்விட்டார். குடிசைக்குள் தண்ணீர் ஏறிப் படமும் ஊறிவிட்டது. அவள் நீட்டிய அட்டையில் முன்பக்கம் வெறும் வெள்ளைக் கசிவு. பின்பக்கத்தில் ஸ்டாம்பும் நம்பரும் மட்டும் பளிச்சென்று இருந்தன.

திரையைப் பார்த்தபடி அவள் சொன்னாள்: "அவுக ஓடுதது, சிரிக்கது எல்லாம் அப்படியே இருக்கே தம்பி. என் ஆளு சும்மா நின்னதுதானே. அதை எடுத்துத் தா."

நம்பரோடு பின்கட்டுக்கு ஓடினேன். டார்க்ரூம்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, ஆவி பறந்த தொட்டியைக் காட்டினார். அன்றைக்கு எங்கள் நெகட்டிவ் எல்லாம் கண்ணாடித் தகடு. மாட்டுங்கா தகடுகள் உறை போட்டுத் தேக்கு அலமாரிக்குப் போகும். தாராவித் தகடுகள் சலவைச் சோடா கலந்த வெந்நீருக்குப் போகும். ஊறினால் முகம் தோலாக உரிந்து வரும். மிஞ்சும் கண்ணாடியில் ஃப்ரேம் போடுவார்கள். சுடலைமுத்துவின் கண்ணாடி இப்போது எந்த வீட்டுப் படத்துக்கு முன்னால் நிற்கிறதோ!

முதலாளியிடம் போனேன். "சார், பத்திரமா வைப்போம்னு ஸ்டாம்ப் குத்தறோமே?"

"அரே பாபா, எல்லாரும்தான் குத்தறான். தாராவியிலேர்ந்து எவன் ரெண்டாம் தடவை வந்திருக்கான்?"

"இதோ வந்திருக்காங்களே சார்!"

"கத்தாதே. உள்ளே பார்ட்டி இருக்கு."

பார்ட்டி! வாசலில் நின்றவள் யாராம்?

3. மச்சம்

முதலாளியே வெளியே வந்து வழி சொன்னார். இந்தத் தொழிலில் பழைய வழிதான் அது. "செத்தவருக்குத் தம்பி உண்டா? கூட்டிண்டு வா. அதே கோட்டு, அதே வாட்ச். மீசையை, மச்சத்தை நாங்க வரைஞ்சுடுவோம்."

கொழுந்தன் வந்து விறைத்துப்போய் நின்றான். டச்சப் செய்பவர் பிரிண்டில் தூரிகையை வைத்துக்கொண்டு, "மச்சம் எந்தக் கன்னத்துலம்மா?" என்றார்.

இசக்கியம்மாள் இடது கன்னத்தைத் தொட்டாள். பிறகு வலது கன்னத்தை. "எனக்கு எதுக்கால நின்னா..." என்று கையைக் காற்றில் நீட்டினாள். கை அங்கேயே நின்றுவிட்டது. "எங்கயாவது வைங்கய்யா" என்றாள்.

கடித்த உதட்டை யாரும் வரையவில்லை. அவள் அதைக் கேட்கவும் இல்லை. பிள்ளையிடம் படத்தைக் காட்டி, "அப்பா பாரு" என்றாள். அவன் படத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற சித்தப்பாவைப் பார்த்துச் சிரித்தான்.

"காசாவது வாங்காதீங்க சார்" என்றேன்.

"பேப்பர் சும்மாவா வருது? டச்சப் சும்மாவா வருது?"

அன்றைக்கே வேலையை விட்டேன். அதனால் அவருக்கு ஒரு முடிகூட உதிரவில்லை. அடுத்த வாரமே கவுண்டரில் வேறொரு படித்த தாராவிப் பையன், அதே ஸ்டாம்பைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

தம்பிகளே, உங்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. முதலாளியின் வாக்கை உங்கள் வாயால் படித்துச் சொல்லுமுன் பின்கட்டுக்குப் போய் ஒருமுறை பாருங்கள். நாம் படித்ததை நம்பித்தான் நம் சனம் தலையாட்டுகிறது.

கழுவிய கண்ணாடிக்கு முதலாளி போட்ட விலை அரை ரூபாய். புருஷன் முகம் இல்லாத புருஷன் படத்துக்கு இசக்கியம்மாள் எண்ணிக் கொடுத்தது பதினெட்டு ரூபாய்.