சாம்பிராணி புகாத அறை

எங்கள் சித்தப்பா தன் காரைக் கவனித்துக்கொண்ட மாதிரி பாகூரில் எவனும் பெண்டாட்டியைக் கூடக் கவனித்துக்கொண்டதில்லை என்று ஊரில் கேலி பேசுவார்கள். பேசுகிற வாய் பேசட்டும். ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவள் நான். அந்தக் காரை அவர் ஏன் அப்படிப் பார்த்துக்கொண்டார் என்பது எனக்குத் தெரியும். அப்போது தெரியவில்லை, பிறகுதான்.

அது பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். சித்தப்பா புதுச்சேரியில் ஒரு துரைக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். துரை சீமைக்குத் திரும்பியபோது பழைய காரையும், அதன் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற வைத்திருந்த சின்ன எண்ணெய் எஞ்சினையும் டைனமோவையும் இவரிடமே விட்டுவிட்டுப் போனார். எங்கள் ஊருக்குக் கரண்டு வராத நாட்கள். கார் வந்ததைக் கூட இரண்டு நாளில் மறந்த ஜனங்கள், அந்த எஞ்சின் படபடவென்று ஓடுவதைப் பார்க்க மாதக்கணக்கில் எங்கள் தோட்டத்துப் பக்கம் வந்து நின்றார்கள். ஊர்த்தலைவர் மேர் வீட்டுக் கல்யாணம் என்றாலும், யாருக்காவது வலி கண்டு புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றாலும் சித்தப்பாவின் கார்தான்.

எஞ்சின் வெளியே, சுவரோடு இறக்கிய சார்ப்பில் ஓடும். சுவரில் ஒரு ஓட்டை போட்டுக் கம்பியை உள்ளே இழுத்து, பின்கட்டு அறையில் பலகை மேல் பேட்டரியை உட்கார வைத்திருப்பார். அந்த அறைக்கு அவர் போட்டிருந்த சட்டதிட்டம் கோயில் கருவறைக்குக் கூடக் கிடையாது. சன்னல் திறந்தே இருக்க வேண்டும். பேட்டரியின் திருகு மூடிகளைக் கழற்றி வைத்துவிட்டு, கம்பிகளைப் பூட்டி, அப்புறம்தான் எஞ்சினைக் கிளப்புவார். அவிழ்க்கும்போது எஞ்சின் நின்ற பிறகுதான் கம்பியில் கை வைப்பார், இல்லாவிட்டால் பொறி பறக்குமாம். கம்பி மாறிவிடக் கூடாது என்று ஒரு முனையில் சித்தியின் பழைய சிவப்பு ரவிக்கைத் துணியைக் கிழித்துக் கட்டியிருந்தார். கிணற்றுத் தண்ணீர் அதற்கு ஆகாது. நல்ல மழையில் வெட்டவெளியில் பிடித்து, வடிகட்டி, பீங்கான் சாடியில் மூடி வைத்த தண்ணீரைத்தான் ஊற்றுவார். எங்களுக்கெல்லாம் உப்புத் தண்ணீர், பேட்டரிக்கு மட்டும் மழைத் தண்ணீரா என்று என் அம்மா முணுமுணுப்பாள்.

எல்லாவற்றுக்கும் மேலே, அந்த அறைக்குள் நெருப்பு கூடாது. விளக்கு, தீக்குச்சி, பீடி எதுவும் வாசற்படி தாண்டக் கூடாது. தானே பீடியைத் தெருவில் அணைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார். பொழுது சாய்ந்தபின் தண்ணீர் மட்டம் பார்க்க ஒரு டார்ச் லைட் வைத்திருந்தார். அதன் பேட்டரிக் கட்டைகள் தீர்ந்து போகாமல் இருக்க சித்தி தினமும் காலையில் அவற்றை முறத்தில் வடகத்தோடு வடகமாக வெயிலில் காய வைப்பாள். மழைக்காலத்தில் வெயில் எட்டிப் பார்க்கும் நேரமெல்லாம் முறத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள்.

சித்திக்கு அதற்கு முன் இரண்டு தரம் பிள்ளை பிறந்து தங்கவில்லை. இரண்டாவது போனது மாட்டு வண்டியில், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், தவளக்குப்பம் தாண்டுவதற்குள். கார் வந்தது அதற்கப்புறம். இப்போது மறுபடி வயிற்றில் இருந்தது. சித்தப்பா எந்த நேரமும் பேட்டரியை நிறைத்தே வைத்திருந்தது கல்யாண சவாரிக்காக இல்லை.

சித்தியும் தன் பங்குக்குச் செய்தாள். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் தூபக்காலில் கங்கு போட்டு வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டுவாள், மாட்டுக் கொட்டகை வரைக்கும். அந்த ஒரு அறையை மட்டும் விட்டுவிடுவாள். வளைகாப்புக்கு வந்து தங்கிவிட்ட அத்தை, என் அப்பாவின் அக்கா, இதைக் கவனித்துவிட்டாள். அவள் கண்ணுக்கு எது தப்பும். மாசமாக இருக்கிறவள் நடமாடுகிற வீட்டில் புகை படாத மூலை இருந்தால் கெட்டது வேறு எங்கே போய் உட்காரும் என்று கேட்டாள். கேட்டுவிட்டு அத்தை வெற்றிலை போடப் போய்விட்டாள். சித்தி அந்த வாரம் முழுவதும் அந்த அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஐப்பசி மழை சாய்த்து அடித்தது. சாரல் உள்ளே வருகிறது என்று சித்திதான் அந்தச் சன்னலைச் சாத்தினாள். பேட்டரி மத்தியானத்திலிருந்து சார்ஜில் இருந்தது. தொட்டால் வெதுவெதுப்புத்தான், ஆனால் உள்ளே சோற்றுப் பானை மாதிரி கொப்புளம் விடும். சித்தப்பா வெளியே சார்ப்பில் எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். சித்தி தூபக்காலோடு வர, நான் சாம்பிராணிக் கிண்ணத்தோடு பின்னால் வந்தேன். அறை வாசலில் கொஞ்சம் தயங்கி நின்றாள். பிறகு எனக்குச் சொல்கிற மாதிரி, தனக்கே சொல்லிக்கொண்டாள்.

"நெருப்புதான் கூடாதுன்னாரு. இது பொகதானே."

அவள் சொன்னதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. சித்தப்பா கூடாதென்று அடுக்கிய சாமான்களில் சாம்பிராணி இருந்ததே இல்லை. ஊதி ஊதிக் கங்கைச் சிவக்க வைத்து, சாமிக்குக் காட்டுகிற மாதிரி பேட்டரிக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றினாள். டமார் என்று வெடித்தது. பேட்டரியின் கறுப்பு மேல்பாகம் துண்டு துண்டாகச் சுவரில் அடித்தது, உள்ளே இருந்த திராவகம் தெறித்தது. சித்தி முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சித்தப்பா எப்படி உள்ளே வந்தார் என்று நான் பார்க்கவில்லை. நிறைமாதக்காரியை அப்படியே அள்ளிக்கொண்டு போய் மாட்டுத் தொட்டியருகே உட்கார வைத்து, கொட்டுகிற மழையில், குடம் குடமாக முகத்தில் ஊற்றினார். மூடிய கண்ணை விரலால் பிரித்துப் பிரித்து ஊற்றினார். அத்தை வெண்ணெய் தடவச் சொன்னாள், எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டுத் தாய்ப்பால் விடச் சொன்னாள். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. தண்ணி, தண்ணி என்று மட்டும் கத்தினார். திராவகம் பட்ட சித்தியின் புடவை மறுநாள் கொசுவலையாகப் போயிருந்தது. ஆனால் கண் பிழைத்தது. கன்னத்தில் ஒரு மிளகளவு தழும்போடு போயிற்று.

கண் பிழைத்து என்ன, மனசு உட்கார்ந்துவிட்டது. சித்தி சாப்பாட்டைத் தொடவில்லை. கஞ்சியைக் கொண்டு போனால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். பேட்டரி கொப்புளம் விடும்போது ஒரு வாயு வருகிறது, சன்னல் சாத்தியிருந்ததால் தேங்கி நின்றுவிட்டது, கங்கைக் கண்டதும் பிடித்துக்கொண்டது, சாமிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சித்தப்பா பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"சாமிக்குக் காட்டுற பொகையே வெடிச்சிடுச்சி. இதுவும் தங்காது."

சித்தப்பா எழுந்து வெளியே போனார். எங்கேயோ நின்று நனைந்துவிட்டுத் திரும்பி வந்து, அவள் தலைமாட்டில் உட்கார்ந்தார். நான் கால்மாட்டில் இருந்தேன்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லல," என்றார். "டார்ச்சுக் கட்ட தீந்து போச்சி. தண்ணி பாக்கணும்னு அன்னிக்கு நானே தீப்பெட்டியோட உள்ள வர இருந்தேன். குனிஞ்சி மூஞ்சிய அதும் மேலயே வச்சிருப்பேன். ரெண்டு கண்ணும் போயிருக்கும். உன் சாம்பிராணி எனக்கு முன்னாடி பூந்துக்கிச்சி."

சித்தி மெல்லத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. கட்டை தீர்ந்ததா, வெடித்த அன்றைக்குக் காலையில்கூடச் சித்தி காய வைத்தாளே? ஓடிப்போய் மாடத்திலிருந்த டார்ச்சை எடுத்து வந்து, கட்டை நல்லா இருக்குது சித்தப்பா என்று அமுக்கினேன். பளிச்சென்று எரிந்தது. வெளிச்சம் நேராக அவர் முகத்தில் விழுந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

சித்தி கையூன்றி எழுந்து உட்கார்ந்தாள். என் கையிலிருந்து டார்ச்சை வாங்கி, அணைத்து, மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்கடி எரியிது? எரியவே இல்ல," என்றாள். "போயி கஞ்சி எடுத்தா. பசிக்கிது."

நான் அழுதுகொண்டே போனேன். எரிந்ததை என் கண்ணால் பார்த்தேன். பெரியவர்கள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு இல்லை என்கிறார்கள். பொய் சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று எனக்குச் சொன்னதே அந்தச் சித்திதான். கஞ்சியோடு திரும்பி வந்தபோது சித்தப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மழையில் நனைந்தது இன்னும் காயவில்லை போலும் என்று நினைத்தேன்.

அப்புறம் புதுச்சேரியிலிருந்து வேறு பேட்டரி வந்தது. அதைச் சார்ப்பிலேயே, காற்றோட்டமாக, எஞ்சினுக்கு எட்டத்தில் ஒரு மறைப்புக் கட்டி வைத்தார். வெள்ளிக்கிழமைகளில் மத்தியானத்துக்கு முன்பே எஞ்சினை நிறுத்திக் கம்பியை அவிழ்த்து, மூடிகளைத் திருகி, பேட்டரியைத் தூக்கிக் காரில் வைத்துவிட்டு, விளக்கு வைத்ததும் தானே அந்தக் காலி அறைக் கதவைத் திறந்து, சாம்பிராணி கொண்டு வாயேன் என்று கூப்பிடுவார். சித்தப்பாவுக்குப் பக்தி வந்துவிட்டது என்று அத்தை சந்தோஷப்பட்டாள். சித்திக்கு வலி கண்டபோது கார் முதல் தரத்திலேயே கிளம்பி, அரியாங்குப்பத்து ஆற்றைத் தாண்டி நேரத்தோடு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தது. பிறந்தவள் இன்றைக்குப் பேரப்பிள்ளை எடுத்துவிட்டாள்.

எனக்கோ அவர்கள் இரண்டு பேர் மேலும் வெகுநாள் கோபம் தீரவில்லை. பிள்ளை பிறக்கும் வரை, மழை விட்ட காலையில் சித்தி, வயிற்றைத் தாங்கிக்கொண்டு, அந்தக் கட்டைகளைப் பழையபடி முறத்தில் பரப்பி வெயிலுக்குக் கொண்டுபோவாள். ஒவ்வொன்றாகத் துடைத்துத் திருப்பி வைப்பாள். எரியாத கட்டையை எதற்கு இவள் இவ்வளவு பத்திரமாகக் காய வைக்கிறாள் என்று நான் முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.