இரண்டு ரிங் அடித்தால் பஸ் ஸ்டாப்புக்கு வா

கிளவுஸ் கழற்றிய பிறகும் விரலில் ஒட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் வாசனை... ஆந்திர எல்லையில் ஸ்ரீசிட்டியில் மொபைல் கம்பெனி வேலை பார்த்தவர்களுக்கு அது தெரியும். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. ஷிஃப்ட் முடிந்ததும் அந்த வாசனைக் கையோடு ஓடிப்போய் லாக்கரைத் திறப்போம்.

போனை எடுத்ததும் எனக்கு முதல் வேலை, நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, மிஸ்டு கால்.

காலையில் ஒரு ரிங் அடித்தால், கம்பெனிக்கு வந்து சேர்ந்துவிட்டேன். மதியம் இரண்டேகாலுக்கு இரண்டு ரிங் அடித்தால், பஸ் ஏறிவிட்டேன், வண்டியை எடுத்துக்கொண்டு விஜயபுரம் ஸ்டாப்புக்கு வா. அவ்வளவுதான், பேச்சே கிடையாது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம் என்று ரீசார்ஜ் பேக் வந்த பிறகும் நாங்கள் மாறவில்லை.

அம்மா தவறிய பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

அப்படியிருக்கும்போதுதான், என்னையும் இன்னும் இரண்டு பெண்களையும் ஆறு வாரம் சீனாவுக்கு ட்ரெயினிங் அனுப்புவதாகச் சொன்னார்கள். முடித்து வந்தால் லைன் லீடர். நைனாவிடம் சொன்னேன். வேர்க்கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"அவ்ளோ தூரம் போய் இன்னா கத்துக்கப் போற?"

இரண்டு நாள் சாப்பிடாமல் அடம் பிடித்தேன். கடைசியில் இறங்கி வந்தார்.

"சரி, போ. ஆனா டெய்லி சேதி வரணும். மூணு நாள் சேதி இல்லன்னு வையி, உன் கம்பெனிக்காரனாண்ட போய் நிப்பேன். எம்பொண்ண திருப்பி இட்டாந்து வுடுன்னு கேப்பேன்."

செய்வார். அப்படிப்பட்ட ஆள்தான். அப்புறம் எங்கே லைன் லீடர் ஆவது?

அங்கே போய் இறங்கினால்... என் சிம் செத்துக் கிடக்கிறது. வாட்ஸ்அப் அந்த ஊரில் ஓடாது என்று யாருக்குத் தெரியும்? கூட வந்த இரண்டு பேருக்கும் அதே கதி. லோக்கல் சிம் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்றார்கள்.

எங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்த சீனப் பெண்ணின் பெயர் லின். நாங்கள் லின் அக்கா என்போம். நான் கையைக் காலை ஆட்டிக் கேட்டதை எப்படியோ புரிந்துகொண்டு, தன் போனைக் கொடுத்தார். நைனா நம்பரை அழுத்தினேன். ரிங் போனது. கட்.

மறுபடி அடித்தேன். கட்.

மறுநாள் நான்கு தடவை. நான்கும் கட்.

இன்னும் கோபம் ஆறவில்லை, என் குரலே வேண்டாம் என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சாப்பாட்டுத் தட்டை அப்படியே திருப்பி வைத்தேன்.

ஊரில் நடந்ததோ வேறு. பக்கத்து வீட்டு சுரேஷ் அண்ணன் அந்த நம்பரைப் பார்த்துவிட்டு, "ஃபாரின் நம்பரு... எத்தொத்து மாமா, எடுக்காத! எடுத்தன்னா பேங்க்ல இருக்கறது மொத்தமும் பூடும்" என்று தெலுங்கும் தமிழுமாக மிரட்டியிருக்கிறார். இந்த மனுஷனும் பொண்ணு ஃபாரினில்தானே இருக்கிறாள் என்று யோசிக்காமல், வர வர கட் பண்ணியிருக்கிறார். ஒருபக்கம் கட் பண்ணிக்கொண்டே, இன்னொரு பக்கம் மகளிடமிருந்து சேதி இல்லையே என்று தூங்காமல் கிடந்திருக்கிறார்! பிற்பாடு கேட்டபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள், டீ பிரேக். அங்கே மணி நாலே முக்கால். ஊரில் இப்போது இரண்டேகால் என்று மனசு தானாகச் சொன்னது. லின் அக்காவிடம் போனை வாங்கினேன். நைனா பேசத்தானே மாட்டேன் என்கிறார், நான் உயிரோடு இருக்கிறேன் என்றாவது தெரியட்டும்... இரண்டு ரிங் விட்டு நானே கட் பண்ணினேன்.

அன்றைய ட்ரெயினிங் முடிந்து ரூமுக்குக் கிளம்பும்போது மனசு கேட்கவில்லை. இன்னொரு தடவை முழுசாக அடித்தேன். எடுத்துவிட்டார்!

"எங்கம்மா கீற? பஸ் வந்து பூட்ச்சு. எல்லாரும் எறங்கிட்டாங்க, நீ எறங்கல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நைனா, நீ எங்க கீற?"

"ஸ்டாப்லதான். ரெண்டு தபா அடிச்சியே... நம்பர எவன் பாத்தான்? நீதான்னு தெரிஞ்சிது. திரும்பி வந்துட்டியாக்கும்னு வண்டிய எத்துகினு ஓடியாந்தேன்."

நான் சீனாவில்தான் இருக்கிறேன் நைனா என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் மெதுவாக, "துன்னியா?" என்றார்.

"துன்னேன் நைனா" என்று பொய் சொன்னேன்.

"சரி, முழுசா கத்துகினே வா. நாளைக்கு கம்பெனியாண்ட போலாம்னு இருந்தேன். போவல."

லைன் லீடராகத்தான் திரும்பினேன்.

இப்போது எனக்குத் திருப்பதியில் வீடு. வருஷத்துக்கு இரண்டு தடவையாவது வெளிநாடு. விமானம் தரையைத் தொடுவதற்குள் போனில் டிங் டிங் என்று மெசேஜ் வந்து விழுகிறது. நைனாவும் டச் போனுக்கு மாறிவிட்டார். ஃபேமிலி குரூப்பில் தினமும் காலையில் ரோஜாப்பூ படம் போடுகிறார்.

போன மாதம் வியட்நாம் போயிருந்தேன். இரண்டு நாளாகியும் அவரிடமிருந்து போன் இல்லை. நானே கூப்பிட்டேன்.

"இன்னா நைனா, போய்ச் சேந்தியான்னு ஒரு வார்த்த கேக்க மாட்டியா?"

"இன்னாத்துக்கு? வாட்ஸ்அப்ல உன் லாஸ்ட் சீன் பாத்தேன். காலைல ஆறு மணின்னு காட்டிச்சு. சரி, நல்லாத்தான் கீறன்னு வுட்டுட்டேன்."

நியாயம்தான். அந்தப் பழைய பயம் அவருக்கு இல்லாமல் போனது எவ்வளவோ நல்லது. ஆனாலும் எனக்கு என்னவோ போல் இருந்தது... அவர் குரல் வேண்டியிருந்தது.

அன்றைக்கே செட்டிங்ஸுக்குப் போய் லாஸ்ட் சீனை ஆஃப் பண்ணிவிட்டேன்.

மறுநாள் காலை ஹோட்டலில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"இன்னாம்மா, ஆளையே காணம்? எங்க கீற?"

வாயில் நுரையோடு அரை மணி நேரம் பேசினேன்.

ஊர் திரும்பிய பிறகும் அதை ஆன் பண்ணவில்லை. யாரும் நைனாவிடம் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.