தூக்கிக் காட்டச் சொன்ன மரகதம்

தையல்காரப் பெண் ஒருவரின் தோளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து ஆய்வகப் பெண் வந்து, "மரகதம் மேடம் போயிட்டாங்க" என்றாள். தோளைப் பிடித்தபடியே அழுதேன்.

திருப்பூரில் எங்கள் சின்ன மருத்துவமனையில் அவர் நோயியல் மருத்துவர், நான் பிசியோதெரபிஸ்ட். நுண்ணோக்கியை விட்டு எழுந்து நோயாளியைப் பார்க்க வருவார். கதவைத் தட்டாமல் என் அறைக்குள் நுழைவார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன், அவர் கண்டுகொள்ள மாட்டார்.

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் சிலருக்குச் செல்வராஜைத் தெரியும். பனியன் கம்பெனியில் துணி ரோல் சுமப்பவர், தென்மாவட்டத்துக்காரர். தொடையில் கட்டி. வெளியே செய்த சதைப் பரிசோதனை புற்றுநோயாக இருக்கலாம் என்றது. காலை எடுக்க நேரலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

"கால் போச்சுன்னா எனக்கு என்ன பொழப்பு டாக்டரம்மா?" என்றார்.

மரகதம், "ரோலை எப்படித் தூக்குவீங்க? காட்டுங்க" என்றார். என் பயிற்சி மெத்தையைச் சுருட்டிக் கொடுத்தோம். செல்வராஜ் அதைத் தொடையில் இடித்து ஏற்றி, அங்கிருந்து தோளுக்குத் தள்ளினார். இடித்த இடத்தில்தான் கட்டி. வலிக்கு எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்தும் வந்திருக்கிறார்.

அன்று சாப்பிடும்போது மரகதம் சொன்னார்: "சதை செல்லு வளந்துட்டா அப்புறம் பெருகறதில்லைங்க. பெருகறப்பத்தானே தப்பு நடக்கும். அதனால அங்க புத்து வர்றது அபூர்வம். வரவே வராதுன்னும் சொல்ல முடியாதுங்க. ஆனா அடிபட்டு அடிபட்டுச் சதைக்குள்ள எலும்பு கட்டும். ஆரம்பத்துல அதுவும் புத்து மாதிரியே ஏமாத்தும்."

ஸ்லைடுகளை வரவழைத்து மறுபடி பார்த்தார். அறுவை மருத்துவரிடம் பேசி, சில வாரம் பொறுத்து மீண்டும் ஸ்கேன் எடுக்கவைத்தார். கட்டியின் ஓரமெல்லாம் எலும்பாக இறுகியிருந்தது. புற்று இல்லை, கால் தப்பியது. ரோலை இனித் தொடையில் ஏற்றக்கூடாது என்று நான் கண்டித்து அனுப்பினேன்.

பிறகு மரகதத்துக்கே கணையத்தில் புற்றுநோய் வந்து, ஈரலுக்கும் பரவியது. நான்தான் வராந்தாவில் நடக்கவைப்பேன். ஒருநாள் தன் தொடைச் சதையைத் தட்டி, "புத்து ஊடு பூராப் பூந்துட்டுதுங்க. இந்த ரூமுக்கு மட்டும் வரல பாருங்க" என்று சிரித்தார். எனக்குக் கோபம்தான் வந்தது.

இப்போது யார் ரிப்போர்ட்டை நீட்டினாலும், வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "என்ன வேலை செய்யறீங்க? செஞ்சு காட்டுங்க" என்கிறேன். அது அவர் கேள்வி.

இன்னொன்றும் என்னிடம் இருக்கிறது. அவர் வீட்டு வாசலில் பாடையைத் தூக்கச் செல்வராஜ் குனிந்தார். பழக்கம் போகவில்லை, அந்தத் தொடையைத்தான் முன்னே கொடுத்தார். நான் தடுக்கப் போனேன்.

"இன்னைக்கு மட்டும் விடுங்கம்மா" என்றார். "அவங்க மிச்சம் வச்ச காலு."