சிட்டம்மாள் சொன்ன நாலு வார்த்தை

பிரிஸ்கில்லாவின் லேப்டாப்புக்கு எதிரே உட்கார்ந்தால் ஞாபகம் போய்விடும் என்று மானாம்பதியில் ஒரு பேச்சு. விசாரித்துப் பார்த்ததில், உட்கார்ந்த நாற்பது பெண்களில் ஒருத்திக்கும் பழைய சண்டைகூட மறக்கவில்லை. சிட்டம்மாளுக்கு மட்டும் ஒன்று போயிருந்தது. அது வேலை.

பிரிஸ்கில்லா அதே ஊர்ப் பெண். ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் ஞாபகசக்தி பற்றி முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்கிறாள், உளவியல் வகுப்பும் எடுக்கிறாள். நடவுப் பெண்கள் தனியாக வர ஒப்பாததால், வரப்பிலேயே இரண்டிரண்டு பேராக உட்காரவைத்துப் லேப்டாப்பைப் பார்த்துப் பதினைந்து வார்த்தை படித்துக்காட்டினாள். ஒருத்திக்குப் பின் ஒருத்தி திருப்பிச் சொல்லவேண்டும். பாஞ்சாலி பதினொன்று சொன்னாள். அடுத்துச் சிட்டம்மாள், நாலு.

"நாலுதானா அத்தை?" என்று பிரிஸ்கில்லா வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்.

நடவுக்கு ஆள் கூட்டிப்போகும் ஆண்டாளம்மாள் காதில் விழுந்தது. "நாத்து முடி எண்ணிக் கணக்கு சொல்றவளுக்கே நாலுதானா? படிச்ச பொண்ணு சொல்லுது." மறுநாளிலிருந்து வண்டியில் சிட்டம்மாளுக்கு இடமில்லை.

மூன்று வாரம் கழித்து, பெண்கள் சொன்னதைக் குறித்த தாள்களைப் பிரிஸ்கில்லா வகுப்பில் காட்டியபோது, நிஷா என்ற மாணவி கை தூக்கினாள். "மேம், இந்தப் பாஞ்சாலி, சிட்டம்மாள் ரெண்டு பேரும் சொன்னதுல ஒண்ணுகூடப் பொதுவா இல்ல. கூட்டினா பதினஞ்சு."

வகுப்பு சிரித்தது. பிரிஸ்கில்லா மற்ற ஜோடிகளைப் புரட்டினாள். எல்லாவற்றிலும் இரண்டாவது ஆளுக்குத்தான் குறைவு. அன்று மாலையே பஸ் ஏறினாள்.

சிட்டம்மாள் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். "பாஞ்சாலி சொன்னத நான் இன்னாத்துக்குச் சொல்லணும்? அவ புடிச்ச வரிசைல பூந்து நான் நாத்து வெப்பனா? அவ வுட்டதச் சொன்னேன்."

"பதினஞ்சும் தெரியுமா அத்தை?"

பதிமூன்று வந்தது. "ரெண்டு போயிடுச்சி. மூணு வாரம் ஆவுதில்ல?"

பிரிஸ்கில்லா பதிமூன்றையும் குறித்துக்கொண்டாள். "எல்லாரையும் தனித்தனியா மறுபடி கேக்கறேன்."

"அது உன் படிப்பு. நாலுன்னு பத்து பேர் எதுர்ல சொன்ன. தப்பு உன்னுதுன்னு அதே பத்து பேர் எதுர்ல சொல்லு."

தப்பு தன்னுடையது என்று பிரிஸ்கில்லா சொன்னதும், ஆண்டாளம்மாள் போனில், "சரி, நானே சொல்லிடறேன், வுடும்மா" என்றாள். சிட்டம்மாள் அதை ஏற்கவில்லை. பிரிஸ்கில்லா இரண்டு முறை, நடவு வண்டி போகும் மாகறல் வயலுக்குப் போனாள். நடவு முடிந்து, பத்துப் பேரும் பத்துத் திக்கில் வேலைக்குப் போயிருந்தார்கள்.

ஆய்வேட்டில் பிழையை ஒரு பக்கம் முழுக்க ஒப்புக்கொண்டாள். நேர்மையான பக்கம் என்று வழிகாட்டி பாராட்டினார். மானாம்பதியில் சொல்லவேண்டிய ஒரு வரி மட்டும் இன்னும் பாக்கி.