ரிசல்ட் நாளில் ஹார்ட் டிஸ்க் பரிசோதனை

போன வாரம் பிளஸ் டூ ரிசல்ட். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் அருகே ரஹீம் பாய் நடத்தும் பிரவுசிங் சென்டரில் நிற்க இடமில்லை. அங்கே எல்லாக் கம்ப்யூட்டருக்கும் இன்டர்நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் மெஷினில் லினக்ஸ் போட்டுத் தந்தவன் நான். அதனால் எது நின்றாலும் போன் எனக்குத்தான். அன்றும் வந்தது. ஓடினேன்.

கரண்ட் போய் வந்திருக்கிறது. யு.பி.எஸ். காலை வாரிவிட்டது. மறுபடி எழுந்த மெஷின், டிஸ்க்கைச் சரிபார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை என்று உட்கார்ந்துகொண்டது. இத்தனை தடவை ஸ்டார்ட் ஆனால் ஒரு சோதனை... லினக்ஸின் வழக்கம் அது. நல்ல வழக்கம்தான். ஆனால் இன்றைக்கா?

"இன்னா சார், பேஜாரா கீது! ஆஃப் பண்ணி ஆன் பண்ணட்டா?" பாயின் விரல் ஸ்விட்ச் மேல் இருந்தது.

"வேணாம் பாய்! பாதியில நிறுத்தினா இருக்கிறதும் போயிடும்."

வாசலோரம் ஓர் அம்மா நின்றிருந்தார். ஊர்க்கோடி இருளர் குடியிருப்பிலிருந்து, அன்றைய களையெடுப்பை விட்டுவிட்டு மகள் வள்ளியோடு வந்தவர்.

"அது இன்னா நைனா பண்ணிக்கினு கீது?"

"தன்னைத்தானே சோதிச்சுக்குதும்மா."

"அதுக்குமா பரிச்சை?"

யாரும் சிரிக்கவில்லை. வள்ளி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் குடியிருப்பில் பிளஸ் டூ எழுதிய முதல் பெண் அவள்.

திரையில் சதவீதம் ஊர்ந்தது. பொறுமை இழந்த சிலர் வேறு சென்டர் தேடி செங்கல்பட்டுக்கு பஸ் ஏறப் போனார்கள். அந்த அம்மா நகரவில்லை.

ஒருவழியாக முடிந்தது. வள்ளியின் நம்பரை நானே தட்டினேன்.

பாஸ்!

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னொரு வாட்டி சொல்லு நைனா."

சொன்னேன். அதற்கப்புறம் பாயும் ஒருமுறை, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அப்போதுதான் வள்ளி அழ ஆரம்பித்தாள்.

கூட்டம் கலைந்ததும் பாய் பிடித்துக்கொண்டார். "அந்த செக்கே வாணாம் சார். தூக்கிடுங்க."

"தூக்கினா டிஸ்க் கெட்டுப்போறதே தெரியாது பாய்."

எனக்கு வாதாடத் தெம்பில்லை. அவருக்கும் இல்லை. கடைசியில் ஒரு வழி கண்டோம். ஸ்டார்ட் ஆகும் தடவையை எண்ணிச் சோதிப்பதை நிறுத்தினேன். பதிலுக்கு, வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கடையை மூடும்போது பாயே ஒரு கட்டளை தட்டுவார். மெஷின் ரீஸ்டார்ட் ஆகி, அவர் திரும்புவதற்குள் சோதனையை முடித்திருக்கும்.

நேற்று வெள்ளி. மதியம் போன்.

"சார், செக் ஓடிக்கினு கீது. நான் தொழுவப் போறேன். நீங்க நிம்மதியா தூங்குங்க."

தூங்கினேன். இந்த வாரப் பத்தி தாமதமாக வந்ததற்குப் பத்திரிகை ஆசிரியர் பாயைத்தான் கேட்க வேண்டும்!